அசையாதவர்களுக்கு ஒரு முட்டாய்

பெப்பர்மின்ட் வாசனை மூக்கில் ஏறினால் இப்போதும் என் இடது கெண்டைக்கால் அரிக்கிறது. இலங்கையில் கஹவத்தைப் பக்கம் எங்கள் றப்பர் தோட்டத்தில் ஷீட் உலர்த்தும் புகையும் புளித்த றப்பர் பாலும்தான் வருடம் முழுக்க நாறும். நத்தார் என்ற கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் மட்டும் மேட்டிலிருந்த துரை பங்களாவிலிருந்து அந்தக் குளிர்ந்த இனிப்பு வாசனை தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குள் இறங்கி வரும். பங்களாச் சமையல்காரர் சீனியைக் காய்ச்சி இழுத்து, சிவப்புக் கோடு முறுக்கி, முனையை வளைத்துச் செய்யும் குச்சி அது. றப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தியின் முனையும் வளைந்தே இருப்பதால், துரை தங்களைக் கௌரவிக்கிறார் என்று நம்பிய எங்கள் பெற்றோர் அதற்குக் "கத்தி முட்டாய்" என்று பெயர் வைத்திருந்தார்கள். துரைக்கு அப்படியோர் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

விதி ஒன்றுதான். துரையின் மனைவி துரைசானி வாசலில் நின்று பாடி முடிக்கும்வரை ஈரப்புல்லில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அசையக்கூடாது. அசைந்தவர்களின் பெயரைக் கணக்கப்பிள்ளை தாளில் வெட்டிவிடுவார். "கையையும் காலையும் கட்டிக்கிட்டு ஒக்காருங்க" என்று அம்மாமார் சொல்லித்தான் அனுப்புவார்கள். இரண்டு நிமிடம் ஓரிடத்தில் இருக்கத் தெரியாத நான் ஒரு வருடம் வெட்டுப்பட்டவள். அடுத்த வருடம் எப்படியும் வாங்கிவிடுவது என்று போயிருந்தேன். பக்கத்தில், லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் குடியிருந்த ராமாயி. காய்ச்சலில் கிடந்த தம்பிக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மூன்றாவது பாட்டில் என் காலில் அட்டை ஏறியது. ஏறியது, தேடியது, இடம் பிடித்தது, ரத்தம் குடிக்கத் தொடங்கியது. நான் பல்லைக் கடித்தபடி கணக்கப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராமாயிக்குப் பொறுக்கவில்லை. சட்டென்று குனிந்து அதைப் பிய்த்து எறிந்தாள். தாளில் ராமாயியின் பெயர்மேல் கணக்கப்பிள்ளையின் பேனை ஓடியது.

எனக்குக் கிடைத்தது. திரும்பும் வழியில் ராமாயி அழவில்லை. "பாதி ஒடச்சிக் குடு புள்ள, தம்பிக்கு" என்று மட்டும் கேட்டாள். வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி, நேராக றப்பர் ஸ்டோருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டே முழுவதையும் தின்றேன். காலில் ரத்தம் நிற்கவில்லை.

இந்த இனிப்பின் சரித்திரத்தை அண்மையில் வாசித்தேன். ஜெர்மனியில் ஒரு தேவாலயப் பாடகர் குழுத் தலைவர், ஆராதனை வேளையில் பிள்ளைகள் சத்தம் போடாதிருக்கக் கொடுத்ததாம், ஆதாரம் இல்லையாம். அரசாங்க அலுவலகத்தில் ஆதாரமில்லாத விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவள் நான். இதை மட்டும் திருப்ப மனமில்லை.

றப்பரை வெட்டிக் கறுவாப் பட்டை மரம் நட்டுவிட்டார்கள். பங்களா இப்போது வெள்ளைக்காரர் வந்து தங்கும் விடுதி. முட்டாய் பிளாஸ்டிக் உறையில் இரத்தினபுரிக் கடைகளில் தொங்குகிறது. போன மார்கழியில் அதில் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கஹவத்தை பஸ் நிலையத்துக்கு வந்தால், பெஞ்சில் ராமாயி. பக்கத்தில் உட்கார்ந்தேன். கிளினிக்குக்கு வந்தாளாம். தம்பி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாம்.

"அன்னைக்கு அந்த முட்டாய என்னதான் செஞ்ச?" என்று அவளாகவே கேட்டாள்.

"தின்னுட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா."

"அப்ப அட்டய அப்பிடியே விட்டிருக்கலாம்" என்று சொல்லிச் சிரித்து, என் தோளைப் பிடித்து எழுந்து பஸ்ஸில் ஏறினாள். அவளுக்கு ஜன்னலோரம்தான் இடம் கிடைத்தது. கை நீட்டினால் எட்டும். பையைத் திறந்து மூடினேன், மறுபடி திறந்தேன். பஸ் புறப்படும்வரை பெஞ்சை விட்டு நான் அசையவில்லை.