பீலியில் துவைத்த கோட்டு

காய்ந்த தேயிலை வாசமும் கரிப்புகையும் கலந்து வந்தால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். வட்டவளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக எங்கள் லயம். பின்னேர வெயில் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் சாய்ந்து விழும் நேரம்...

அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை ஃபெக்டரியைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். டிரையர் அடுப்பிலிருந்து போகும் சூடான குழாய்களைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போல ஒன்று கட்டியிருப்பார்கள். அது பிய்ந்தால் பழையதை உரித்துப் புதிதாகச் சுற்றுவது அப்பாவின் வேலை. தலைமுடி, மீசை, காக்கிக் கோட்டு எல்லாம் வெள்ளையாகி வருவார்.

"வந்துட்டாரு பாரு, மாவு மில்லு மொதலாளி!" என்பார் அம்மா.

அப்பா கோட்டைக் கழற்றி இஸ்தோப்பில் ஓர் உதறு உதறுவார். வெயிலில் அந்தத் தூசு மினுமினுவென்று மிதக்கும். நான் எம்பி எம்பிப் பிடிப்பேன். எவ்வளவு அழகாக இருக்கும் தெரியுமா...

கொழுந்து எடுத்துக் களைத்து வந்த அம்மாதான் அந்தக் கோட்டைப் பீலிக்குக் கொண்டுபோவார். மலை ஊற்றுக் குழாயிலிருந்து ஐஸ் மாதிரி தண்ணீர் கொட்டும். துவைப்பதற்கு முன் கல்லில் அடித்து அடித்துத் தூசைப் போக்குவார்.

"புருசன அடிக்க முடியாத கோவத்த எல்லாம் கோட்டுல தீத்துக்கிறா பாருங்கடி!" என்று பக்கத்து வீட்டு அக்கா கத்துவார். பீலியடியே சிரிக்கும். அம்மாவின் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும்.

அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க எனக்கு எவ்வளவு ஆசை என்று எழுதத் தெரியவில்லை.

நான் கல்யாணமாகிக் கொழும்புக்கு வந்து வெகு காலம் கழித்துத்தான் அது தொடங்கியது. மலையே ஏறி இறங்கிய அம்மா, கோயில் மேட்டில் பாதியில் உட்கார்ந்தார். வலது விலாவில் வலி, வறட்டு இருமல். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆனது. டீபியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம். நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறது என்று எடுத்தார்கள். எடுக்க எடுக்க மறுபடி சேர்ந்தது.

கொழும்பில் சிறு சதைத்துண்டு எடுத்துச் சோதித்த பிறகுதான் பெயர் தெரிந்தது. மீசோதீலியோமா. ஒரு வகைப் புற்றுநோய். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வருமாம், அம்மாவுக்கு அதுதான். சிலருக்கு வயிற்றின் உள் உறையில் வரும், அங்கே வந்தால் வயிறு வீங்கும். அபூர்வமாக இதயத்தின் உறையிலும் வரும்.

"அஸ்பெஸ்டஸோட ஏதாச்சும் வேலை செஞ்சீங்களாம்மா?"

"நான் கொழுந்துதாங்க எடுத்தேன்."

"வீட்டுல வேற யாராவது?"

 அம்மா குழாய், வெள்ளைப் பஞ்சு, கோட்டு, பீலிக் கல் எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பஞ்சுதான் அஸ்பெஸ்டஸாக இருக்கும் என்று டாக்டரம்மா தலையாட்டினார். கண்ணுக்குத் தெரியாத நார்கள், மூச்சோடு உள்ளே போய்ப் பல வருடம் சும்மா கிடந்துவிட்டுப் பிறகு நோயாகும், துணி துவைத்தவர்களுக்கும் வரலாம், அந்தத் தூசு பட்ட எல்லோருக்கும் வருவதில்லை என்றார்.

அப்பா வெளியே பெஞ்சில் தேத்தண்ணிப் போத்தலோடு உட்கார்ந்திருந்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாகிட்ட சொல்லிறாத புள்ள. அப்புறம் அந்த மனுசன் சோறு திங்காது."

நான் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் அப்பா அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். இந்த மனுசனுக்கு எப்படித்தான் சோறு இறங்குகிறதோ என்று எனக்குக்கூட ஒரு நாள் கோபம் வந்தது.

காரியமெல்லாம் முடிந்து அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பழைய சேலையில் சுற்றி அந்தக் காக்கிக் கோட்டு! அப்பா ரிட்டையர் ஆனதும் அம்மா பத்திரப்படுத்தியிருக்கிறார். எடுத்து விரிக்கப் போனேன்.

"ஒதறாத புள்ள!"

அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. தானே தண்ணீர் தெளித்து, கோட்டைப் பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டினார்.

"ஒங்களுக்குத் தெரியுமாப்பா?"

"அந்த டாக்டரம்மா ரூம்பு கதவு தொறந்துதானே கெடந்திச்சு... ஒங்கம்மா எனக்குத் தெரியக்கூடாதுன்னு நெனச்சிச்சு. நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். நான் சோத்த வச்சிட்டு எந்திரிச்சா அவ கண்டுபிடிச்சிருவாள்ள."

இப்போது அப்பா எங்களோடு கொழும்பில். துணி துவைக்க மெசின் இருக்கிறது. ஆனாலும் தன் சட்டையை யாரையும் தொட விடமாட்டார். பாத்ரூமில் தானே நனைத்து, தானே துவைத்துக் காயப்போடுவார். அடிப்பதே இல்லை, சத்தமே வராது. பீலிச் சத்தத்துக்காக என் காது ஏங்கும்...

நேற்றும் சாப்பிடக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தார், ரெண்டு வாய் சாப்பிட்டார், எழுந்துவிட்டார். தட்டில் சோறு அப்படியே இருந்தது. இனி யாருக்காக அதை முடிக்கப் போகிறார்?