மாக்சின் கேட்காத ஒரு கேள்வி

மாக்சின் சக்டனுக்கு ஐம்பத்தேழு வயது. இங்கிலாந்தில் கீத்லி என்கிற ஊரில், ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பத்தொன்பது வருஷமாக உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்து அடுப்பில் நான், லொரெய்ன், அதே பத்தொன்பது வருஷமாகப் பட்டாணி வேகவைக்கிறேன். இரண்டு பேருக்கும் முட்டி போய்விட்டது. முட்டி வலியையாவது தைலம் போட்டுச் சமாளிக்கலாம். மாக்சினுக்கு அதைவிடப் பெரிய பாடு வீட்டில் இருந்தது.

அவள் புருஷன் நெவில் கம்பள ஆலையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட மனுஷன். அவர்கள் இருந்த வாடகை வீட்டில் படுக்கையும் குளியலறையும் மாடியில். பதின்மூன்று படி. நெவில் படியில் உட்கார்ந்து, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக நகர்ந்து ஏறுவார். இவள் கீழே நின்று அவர் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி வைப்பாள். எட்டு வருஷமாக இதேதான். ஒருநாள்கூட வாய்விட்டு அலுத்துக்கொண்டதில்லை. எனக்குத்தான் பார்க்கப் பார்க்க அலுப்பாக இருக்கும்.

போன ஏப்ரலில் வீட்டுக்காரர் வந்து, வீட்டை விற்கப் போகிறேன், ஆகஸ்ட் கடைசிக்குள் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மாக்சின் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. நெவிலுக்கு ஆலையில் கொடுத்த நஷ்டஈடு அப்படியே இருந்தது. மூன்றே வாரத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டாள். மாடியே இல்லாத சின்ன வீடு. மிஸஸ் பிக்கர்ஸ்கில் என்ற விதவை அம்மா அதை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போகிறாராம். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகூட இருந்தது. நெவில் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை கைத்தடியோடு ஒரு நடை நடந்துவிட்டு, "ஒரு படிகூட இல்ல பாரு" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது.

வங்கியும் கடன் தரச் சம்மதித்தது. பாக்கி இருந்தது வக்கீல்தான். வாங்குகிறவருக்காகப் பத்திரம் பார்க்கிற வக்கீல்தான் கடன் கொடுக்கிற வங்கிக்காகவும் பார்ப்பார். அதனால் வங்கி தன் பட்டியலில் இருக்கிற வக்கீலிடம்தான் பணத்தை அனுப்பும். வீட்டுத் தரகர் ஆபீஸ் பையன், பட்டியலில் உள்ள ஒரு பெரிய அலுவலகத்தின் பெயரைச் சொல்லி அதையே வைத்துக்கொள்ளச் சொன்னான். மாக்சினுக்கு எரிச்சல். முகம் தெரியாத யாரோ, போன் போட்டால் பாட்டுப் போடுவார்கள், எனக்கு என் மிஸ்டர் லம் இருக்கிறார் என்றாள்.

மிஸ்டர் லம் ரொட்டிக்கடை மாடியில் முப்பத்தாறு வருஷமாக ஆபீஸ் வைத்திருப்பவர். மாக்சினின் அம்மாவுக்கு உயில் எழுதிக் கொடுத்தவர். அந்த அம்மா செத்தபோது மழையில் கல்லறை வரை வந்து நின்றவர். எங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் வாசிப்பதும் அவர்தான்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டே, "எதுக்கும் அந்த வங்கிப் பட்டியல்ல அவர் பேர் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுடுடி" என்றேன்.

"அதெப்படிடி கேக்கறது? அவ்வளவு பெரிய மனுஷன்கிட்ட போய், நீங்க நெஜ வக்கீல்தானான்னு கேக்கற மாதிரி இருக்காதா?"

எங்கள் ஊர் ஜனங்களுக்கு இது ஒரு வியாதி. கடையில் உப்பில்லாத சூப்பைக் குடித்துவிட்டு, பிரமாதம் என்று சொல்லிவிட்டு வரும் கூட்டம். யாராவது காலை மிதித்தால் மிதிபட்டவன் மன்னிப்புக் கேட்பான். மாக்சின் கேட்கவில்லை. கடன் விண்ணப்பத்தில் வக்கீல் பெயரைப் பிறகு தெரிவிக்கலாம் என்றிருந்தது. அப்படியே காலியாக விட்டுவிட்டாள். வங்கிக்குத் தானே எழுதிக்கொள்வதாக மிஸ்டர் லம் சொல்லியிருந்தார். மிஸ்டர் லம் பத்திரங்களைப் பார்த்தார், நகராட்சிக்கு எழுதினார், தண்ணீர் கம்பெனிக்கு எழுதினார். வங்கிக் காகிதம் மட்டும் வரவேயில்லை. ஒவ்வொரு வாரமும் போய் நின்றாள். வங்கிக்காரர்கள் எப்பவுமே மெதுவுதான் என்று ஒவ்வொரு வாரமும் சொன்னார்.

ஜூலை முதல் வாரம், பிள்ளைகள் சாப்பிட்டுப் போனபிறகு, மாவு மூட்டைமேல் உட்கார்ந்து அவளே வங்கிக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிஷம் பாட்டு. அப்புறம் ஒரு பெண் வந்து மிஸ்டர் லம் பெயரைக் கேட்டுக்கொண்டது. "அந்த ஆபீஸ் எங்க பட்டியல்ல இல்லைங்களே. வருஷத்துக்கு நாலு வீடுகூடப் பாக்கறதில்லைன்னு போன வருஷமே எடுத்தாச்சு."

தரகர் சொன்ன அந்தப் பெரிய அலுவலகத்துக்கே போனாள். அவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க ஆறு வாரம் கேட்டார்கள். மிஸஸ் பிக்கர்ஸ்கில் இரண்டு வாரம் பொறுத்தார். அதற்குள் கடனே வேண்டாத ஒருத்தன் மொத்தப் பணத்தோடு வந்துவிட்டான். ஒப்பந்தத் தாள் கைமாறும்வரை இங்கே வாக்குக் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கும் எண்பத்திரண்டு வயது.

காகிதங்களைத் திரும்ப வாங்க மாக்சினோடு நானும் போனேன். மிஸ்டர் லம் எங்களுக்கு டீ ஊற்றினார்.

"மறுபடி சேத்துக்கச் சொல்லி எழுதிப் போட்டிருந்தேன், மிஸஸ் சக்டன். சேத்துக்குவாங்கன்னு நம்பிட்டேன். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"பரவாயில்லைங்க" என்றாள் மாக்சின். டீ ரொம்ப நன்றாக இருந்தது என்றும் சொன்னாள்.

எனக்கு வந்ததே கோபம். படியில் இறங்கும்போது பிடித்துக்கொண்டேன். "என்னடி பரவாயில்லை? அவர்தான் வெக்கப்பட்டு மறைச்சார், நீ நான் சொன்னப்பவே கேட்டிருக்கலாமில்ல? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு களைப்பு. நெவில் மனசால் அங்கே குடிபோய் இரண்டு மாசம் ஆகிறது, நாற்காலி எங்கே போடுவதென்றுகூட முடிவு பண்ணிவிட்டார், அவரிடம் போய் என்னவென்று சொல்வேன் என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா, நீ எதுக்குடி அன்னிக்கு அந்தப் பட்டியலைக் கேக்கச் சொன்னே?"

என் தங்கச்சி மகன் அதற்கு முந்தின டிசம்பர் குளிரில் இதே மிஸ்டர் லம்மிடம் போய், இதே வங்கியில் மாட்டி, வேறு வக்கீல் தேடி ஓடினான். எனக்கு எல்லாம் தெரியும். ஞாயிறுதோறும் சர்ச்சில் முகம் பார்க்கிற மனுஷனைப் பற்றி எப்படிச் சொல்வது என்று, நானும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு சுற்றி வளைத்துப் பேசிவிட்டேன். அதை அந்தப் படியிலேயே சொன்னேன்.

மாக்சின் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"பரவாயில்லை, லொரெய்ன்" என்றாள். மிஸ்டர் லம்மிடம் சொன்ன அதே குரல்.

இப்போது இருக்கிற வாடகை வீட்டில் பதினாலு படி. சனிக்கிழமைகளில் நான் போகிறேன். நெவிலின் ஒரு காலை அவள் தூக்கி வைக்கிறாள், இன்னொன்றை நான். முன்பெல்லாம் சமையலறையில் பட்டாணி வேகிறதற்குள் இரண்டு பேரும் ஊர்க்கதை முழுக்கப் பேசி முடித்திருப்போம். இப்போது அவள், நல்லா இருக்கியா, ரொம்ப நன்றி என்பதோடு சரி.