அவர் போனை எடுக்கும் வரை

என் நர்ஸ் யூனிஃபார்மின் இடுப்பை வருஷத்துக்கு ஒருமுறை தளர்த்திக் கொடுப்பவர் தையல்கார அக்கா. அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கணவரின் கம்பெனியில் அக்காவுக்கு ‘அபாய மணி’ என்று பட்டப்பெயர். கணவர் வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் அக்காவின் போன் அடித்துவிடும். எடுத்தால், “ஒண்ணுமில்லீங்க, சும்மாதான்.” எடுக்காவிட்டால் சூப்பர்வைசருக்கு அடிப்பார். ஒருமுறை கழுத்தில் தொங்கிய டேப்பைக்கூடக் கழற்றாமல் கம்பெனி வாசலில் போய் நின்றிருக்கிறார்.

அக்காவுக்கு நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும். இதய டாக்டர்கள் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்.

“எனக்கென்ன பைத்தியமா?” என்று அக்கா எழுந்து வந்துவிட்டார். நாத்தனாரும் ஒத்து ஊதினாள். “அண்ணன்மேல அண்ணிக்குப் பாசம் ஜாஸ்தி. அதுக்கெல்லாமா டாக்டரு?”

பாசமாம். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அதைச் சொல்லியே அந்த வீடு இத்தனை வருஷமும் வாயை மூடிக்கொண்டிருந்தது.

லிஃப்ட் வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. கூண்டின் மேல் ஏறுகிறவர் போனைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். மனைவி தவித்துப்போவாளே என்று இவர் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டு ஏறினார். ஒருநாள் உச்சியில் நின்று ஸ்பேனர் பிடித்திருந்தபோது மணி அடித்தது. எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டார். ஸ்பேனர் விழுந்து, அடியில் லிஃப்ட் குழிக்குள் இருந்த கூட்டாளியின் தோளை உரசிக்கொண்டு போனது. தலையில் பட்டிருந்தால் ஆள் காலி.

“போனை வெச்சிட்டு ஏறு. முடியாதுன்னா ஸ்டோருக்குப் போ” என்றார் சூப்பர்வைசர்.

இவர் ஸ்டோருக்குப் போனார். இது நடந்து பல வருஷம் ஆகிறது. நின்றுபோன லிஃப்டைச் சத்தத்தை வைத்தே சரிசெய்த மனிதர், மற்றவர்களுக்கு போல்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று இரவு அக்கா நிம்மதியாகத் தூங்கினாராம். மறுநாளே பயம் கணவர் போகும் பஸ்மேல் தாவிக்கொண்டது. போன் மட்டும் நிற்கவில்லை.

போன மாதம் என் யூனிஃபார்மைத் தைத்துக்கொண்டிருந்தவர் மூச்சுத் திணறி மெஷின்மேலேயே சாய்ந்தார். இந்த முறை நான் விடவில்லை. எங்கள் மருத்துவமனையின் மனநல டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார்.

“இது பதற்ற நோய்ம்மா. உங்க குணம் இல்ல. மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு. அவர் போனை எடுத்து எடுத்துத் தைரியம் சொன்னதுலதான் இது வளர்ந்திருக்கு. இனிமே பயம் வந்தாலும் கூப்பிடாம இருந்து பாருங்க.”

குணமாகுமா என்று அக்கா கேட்கவில்லை.

“அவர் லிஃப்ட் வேலைய விடறதுக்கு முன்னாடியே நான் வந்திருந்தா?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்பவே சரிபண்ணியிருக்கலாம்.”

வெளியே வந்து அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

நேற்று யூனிஃபார்ம் வாங்கப் போனேன். அக்கா போனை ஜன்னலில் தள்ளி வைத்துவிட்டு ஹெம் அடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை என்றார். சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. கையில் துணி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏன் கூப்பிடல? உடம்பு சரியில்லையா?” கணவர் குரலில்தான் இப்போது பதற்றம்.

“நல்லாத்தான் இருக்கேங்க. டாக்டர் கூப்பிடக் கூடாதுன்னு சொன்னார்ல.”

“ஆமால்ல. மறந்தே போச்சு.”

இருவருமே போனை வைக்கவில்லை. அங்கே யாரோ அவரிடம் நட் கேட்கும் சத்தம் கேட்டது.

“என்னங்க” என்றார் அக்கா. “இனிமே நான் கூப்பிட மாட்டேன். போனைக் கீழ வெச்சிட்டு, நீங்க மறுபடி மேல ஏறுங்களேன்.”

அவர் சிரித்தார். “அடுத்த மாசம் ரிட்டயர்மென்ட்டும்மா. வீட்டு மாடி ஏறவே முட்டி விடமாட்டேங்குது.”