முந்திரிக் கொல்லையில் டர்போ

"புகை! வண்டிக்குக் கீழ புகையுது பாருங்க!"

ஆண்டிமடம் பக்கம் ஒரு முந்திரிக் கொல்லையில, கொட்டை பொறுக்கிக்கிட்டிருந்த பொம்பளைங்க போட்ட கூச்சல் இது. புகைஞ்சது நான் விக்கக் கொண்டுபோன வண்டி. "இதுல ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்"னு நான் சவால் விட்டு அஞ்சு நிமிசம்கூட ஆகலை. வாய்க்கொழுப்பு, வேற என்ன!

பெரம்பலூர்ல ஒரு டிராக்டர் ஷோரூம்ல இருபத்தாறு வருசம் சேல்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். கடைசி ரெண்டு வருசத்துலதான் இந்த சைடு-பை-சைடு வண்டி வந்துச்சு. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காந்து போறது. ஸ்டியரிங், தடியா நாலு டயர், தலைக்கு மேல கம்பிக் கூண்டு. ரோட்டுக்கு ஆகாது, காடு கரைக்குத்தான். கிளட்ச் கிடையாது. அதுல ரெண்டு மாடல்: டர்போ, டர்போ இல்லாதது. டர்போன்னா எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் திணிக்கிற சாமான். பவர் எகிறும், சூடும் எகிறும். முதல் பாதியை நான் கஸ்டமர்கிட்ட சத்தமாச் சொல்லுவேன். ரெண்டாம் பாதி வரும்போது எனக்கு இருமல் வந்துடும்.

கேட்டு வந்தவர் அந்தோணி, சென்னையில வேலை பார்க்கிறவர். வண்டி அவங்க அம்மா ஆரோக்கியமேரிக்கு. அந்தம்மா எங்க ஷோரூம்ல வாங்கின டிராக்டரை வருசக்கணக்கா ஓட்டினவங்க. களத்துல வழுக்கி விழுந்து இடது தொடை எலும்பு முறிஞ்சதுல இருந்து, குச்சி ஊனிக்கிட்டுச் செம்மண்ணுல நூறு அடி நடக்க முடியலை, கிளட்ச் மிதிக்கவும் முடியலை. அதுக்கப்புறம் வந்த ரெண்டு முந்திரி சீசனும் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க. அந்தோணி கண்டிசனாச் சொல்லிட்டார்: "ரெண்டு மாடலையும் கொண்டாங்க சார். அம்மாவால ஓட்ட முடிஞ்சா வாங்கிடுறேன். முடியலைன்னா கொல்லையைக் குத்தகைக்கு விட்டுடுவேன். இதுக்கு மேல தள்ளிப்போட முடியாது."

எங்க மேனேஜர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார்: "டர்போவை முதல்ல இறக்குங்க, அதுலதான் லாபம். இன்னொண்ணு லாரியிலேயே நிக்கட்டும்."

அப்படியே செஞ்சேன். அந்தம்மாவைப் பக்கத்துல உக்கார வச்சு, கொல்லைக்கு நடுவுல போற தடத்துல ஒரு விரட்டு விரட்டினேன். அடேங்கப்பா! சருகு பறக்குது, மண்ணு பறக்குது, பொம்பளைங்க கை தட்டுறாங்க. எனக்கு இருபது வயசு குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. திரும்பி வந்ததும் "ஒரு குறை சொல்லுங்க"ன்னு சவால் விட்டுட்டு, ஸ்டியரிங் பக்கம் அந்தம்மாவை உக்கார வச்சு நான் இடம் மாறி உக்காந்தேன்.

அந்தம்மா மெதுவா மிதிச்சாங்க. வண்டி யோசிச்சுது. இன்னும் கொஞ்சம் மிதிச்சாங்க. ஒரே தாவு! கிளையெல்லாம் தரையைத் தொட்டுக்கிட்டுக் கெடக்குற கொல்லை அது. ஒரு கிளை கூண்டுல அடிச்சு, என் மடியில ரெண்டு முந்திரிப்பழம் விழுந்துச்சு. டர்போ கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, அப்புறம் மொத்தமாக் குடுக்கும். வெட்டவெளியில அது ருசியா இருக்கும், மரத்தடியில வம்புதான்.

அந்தம்மா சட்டுனு ஒரு மரத்தடியில நிறுத்தி, சாவியைத் திருகி ஆஃப் பண்ணிட்டாங்க.

"அம்மா, விரட்டி ஓட்டின வண்டி. டர்போ ஆற ஒரு நிமிசம் ஓட விடணும்."

"நிக்கிற வண்டி எதுக்குத் தம்பி ஓடணும்?"

நான் விளக்க வாயெடுத்தேன். அதுக்குள்ள புகை வந்துடுச்சு. நான் விரட்டினப்போ அடியில சிக்கின சருகு சூட்டுல கருகி, கீழ விழுந்து, தரையில கெடந்த சருகும் சேர்ந்து புகைய ஆரம்பிச்சுடுச்சு. அந்தோணி ஓடி வந்தார். ரெண்டு பேருமா அந்தம்மாவைத் தாங்கி இறக்கினோம். பொம்பளைங்க குடிக்க வச்சிருந்த குடத்துத் தண்ணியைக் கொண்டுவந்து ஊத்தி அணைச்சாங்க. பாதித் தண்ணி என் சட்டையில. சிரிப்பு வேற!

அந்தோணி மட்டும் சிரிக்கலை. "போதும்மா. இந்த வெளையாட்டே வேணாம். நாளைக்கே குத்தகைக்குப் பேசிடுறேன்."

அந்தம்மா கொல்லையையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. சத்தியமாச் சொல்றேன், ஆர்டர் போச்சேங்கிற கவலை இல்லை. என் வீம்பால இவங்க கொல்லை கையை விட்டுப் போகுதேன்னு வெக்கமா இருந்துச்சு.

அந்தம்மாதான் வாயைத் திறந்தாங்க. "லாரியில ஒண்ணு நிக்குதே, அது என்ன கண்காட்சிக்கா?"

இறக்கினேன். இந்தத் தடவை பெருமை பேசலை, கேட்டேன்: "அம்மா, கொட்டை பொறுக்குற நாள்ல வண்டியை வச்சு என்ன பண்ணுவீங்க?"

"மரத்துக்கு மரம் நிறுத்துவேன். பார்ப்பேன். அடுத்த மரத்துக்குப் போவேன். வேற என்ன பண்ணுவாங்க?"

அடச்சே, காலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி! டர்போ இல்லாத வண்டியிலயும் சைலன்சர் சுடும், அடியில சேர்ற சருகைத் தினமும் எடுக்கணும்னு, இருமாம முழுசாச் சொன்னேன். தலையாட்டிட்டு, கம்பியைப் புடிச்சுத் தனியா ஏறினாங்க. மிதிச்ச அளவுக்கு வண்டி போச்சு. கிளைக்கடியில நுழைஞ்சு கண்ணுக்கு மறைஞ்சுட்டாங்க.

அந்தோணி நகத்தைக் கடிச்சுக்கிட்டு நின்னார். எஞ்சின் சத்தம் நிக்கும், கிளம்பும், மறுபடி நிக்கும். அப்புறம் கொல்லையோட அந்தக் கோடியில இருந்து அந்தம்மா குரல்:

"ஏண்டி செல்வி, இங்க கெடக்குற கொட்டையெல்லாம் யாரு வந்து பொறுக்குறது, கலெக்டரா?"

"ஆத்தி, வந்துட்டாங்கடி!"ன்னு பொம்பளைங்க போட்ட சத்தமும் சிரிப்பும் இங்க வரைக்கும் கேட்டுச்சு.

அந்தோணிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "ரெண்டு வருசமா அம்மா யாரையும் திட்டலை சார்"ன்னார். குத்தகைப் பேச்சு அதோட முடிஞ்சுது.

புதுசா சேல்ஸுக்கு வர்றவங்களுக்குச் சொல்றேன். எவ்வளவு வேகமாப் போகணும்னு கஸ்டமரைக் கேட்காதீங்க, எத்தனை தடவை நிப்பீங்கன்னு கேளுங்க. மேட்டுல விரட்டி ஏறுறவங்களுக்கு டர்போவைத் தாராளமாக் குடுங்க. நின்னு நின்னு போறவங்களுக்கு வேணாம். இதை எந்த ட்ரெயினிங்லயும் நான் படிக்கலை.

சுத்தி முடிச்சு வந்த அந்தம்மா, என் முன்னாடி வண்டியை நிறுத்தி, சாவியைத் திருகிட்டு, அடுத்து என்னைத்தான் புடிச்சாங்க.

"என்ன தம்பி வேடிக்கை? நீங்க கருக்கின சருகை யாரு கூட்டுறது?"

விளக்குமாத்தை வாங்கிக் கூட்டினேன். இருபத்தாறு வருசத்துல அவ்வளவு சந்தோசமா நான் திட்டு வாங்கினதே இல்லை.