ஓட்டை வாளிக்குப் பத்துப் பயன்கள்

மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்குப் பள்ளியில் வழங்கிய பெயர் கேள்விமூட்டை. பத்தொன்பது ஆண்டுகளாக அவர் அந்த வகுப்பைவிட்டு நகரவில்லை. வீட்டில் அக்காளோடு முகங்கொடுத்துப் பேசாதவர், எட்டு வயதுப் பிள்ளைகள் முப்பத்தொருவரோடு வாய் ஓயாமல் பேசுவார். ஏதேனும் ஒரு பொருளை மேசைமேல் வைத்து, “இதை வெச்சு என்ன செய்யலாம்?” என்பார். ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லக்கூடாது என்பதே விதி.

தலைமையாசிரியைக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

அவ்வாண்டு படைப்புச் சிந்தனையைச் சோதிக்க ஆய்வாளர் வருவதாகவும், சோதனைப் பொருள் ஓட்டை வாளி என்றும் அறிவிப்பு வந்தது. தலைமையாசிரியை பத்துப் பயன்களை எழுதி, வகுப்புதோறும் மனப்பாடம் செய்யப் பணித்தார். நடைக்கூடமெங்கும், “ஒன்று, பூச்செடி வளர்க்கலாம்! இரண்டு, குப்பை போடலாம்!” என்று ஒரே முழக்கம்.

“உங்க கிளாஸ்ல மட்டும் சத்தத்தையே காணோம்?”

“யோசிக்கிறாங்க, மேடம்.”

“யோசிச்சுக் கிழிச்சது போதும். நாளைக்குப் பத்தும் வரிசையா வரணும். வரலைன்னா உங்களுக்குக் கிளாஸ் கிடையாது. ஸ்டோர் ரூம்ல நோட்டு அடுக்கலாம்.”

“வரிசையா வந்தா அது யோசனை இல்லை, மேடம். ஊர்வலம்.”

மறுநாள் வந்த ஆய்வாளரின் கையிலும் தலைமையாசிரியை கொடுத்த அதே பட்டியல் இருந்தது. முதலிரண்டு வகுப்புகளும் முழங்கின. அவர் குறியிட்டுக்கொண்டே வந்தார். மூன்றாம் வகுப்பில் கடைசி வரிசைச் சிறுமி எழுந்தாள்.

“தலையில கவுத்துக்கலாம் சார்.”

“எதுக்கும்மா?”

“பெரிய மேடம் திட்டுறது கேக்காது.”

வகுப்பே சிரித்தது. ஆய்வாளர் பட்டியலை இருமுறை புரட்டினார்.

“இது இதுல இல்லையே!”

“புதுசா யோசிக்கிறதுக்கு விடைப்பட்டியல் எதுக்கு சார்?” என்றார் ஆசிரியை.

“அது இல்லாம எப்படிம்மா மார்க் போடுறது?” அவர் உண்மையாகவே கேட்டார்.

பிறகும் முப்பது விடைகள் வந்தன. ஒன்றும் பட்டியலில் இல்லை. மதிப்பெண் பூச்சியம்.

மறுநாள் காலையிலேயே பொருளறைச் சாவி ஆசிரியையின் கைக்கு வந்தது. சோதனைக்கு வைத்திருந்த ஓட்டை வாளியும் அங்கேயே வீசப்பட்டிருந்தது. பத்து மணிக்குத் தலைமையாசிரியை வாசலை மறித்து நின்றார்.

“பத்தொன்பது வருஷம்! ஒரு பிள்ளையையாவது ஒழுங்காப் பதில் சொல்ல வெச்சிருக்கீங்களா? திமிரு!”

ஆசிரியை வாளியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். வசை நிற்கவில்லை, ஓட்டை வழியாக முன்னிலும் உரக்க உள்ளே இறங்கியது. முழுவதையும் கேட்டு முடித்துவிட்டே வாளியைக் கழற்றினார்.

உணவு இடைவேளையில் மூன்றாம் வகுப்புச் சன்னலருகே சென்று அச்சிறுமியை அழைத்தார்.

“உன் பதில் தப்பு. போட்டுப் பாத்தேன், நல்லாக் கேக்குது.”

சிறுமி நகத்தைக் கடித்தாள். “ஓட்டையை அடைச்சீங்களா டீச்சர்?”

“இல்லையே,” என்றார் ஆசிரியை. உடனே பொருளறைக்குத் திரும்பிப் பழைய துணி ஏதேனும் அகப்படுகிறதா என்று தேடத் தொடங்கினார்.