ரோட்ஸ் தீவில் ஒரு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

1. முதல் சைட் இன்ஸ்பெக்‌ஷன்

"சாப்பாடு ஓகே அக்கா, கன்ஃபர்ம் பண்ணிடலாம்" என்று மெசேஜ் அடித்துவிட்டு, அனுப்பாமல் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். கிரேக்க நாட்டின் ரோட்ஸ் தீவில், பழைய துறைமுக நகரத்தின் மதிலுக்குள் ஒரு சின்ன உணவகத்தில் உட்கார்ந்திருந்தேன். பயணிகளை அனுப்புமுன் இடத்தை நேரில் பார்த்துவர ஏஜென்சி ஆளனுப்பும்; டிராவல் வேலையில் எனக்கு அதுதான் முதல் சைட் இன்ஸ்பெக்‌ஷன்.

எங்கள் ஏஜென்சி சிட்னியில், டூங்கபியில் இருக்கிறது. நடத்துபவர் யாழ்ப்பாணத்து மாலதி அக்கா. அவர் கப்பலில் அனுப்பவிருந்த முதியவர்கள் குழு ரோட்ஸில் இறங்குவது ஒரு வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கிழமை எங்கட ஆக்கள் மரக்கறிதான். மச்சம் பட்டுதெண்டா அண்டைக்குப் பட்டினி கிடப்பினம். பிறகு வருசம் முழுக்க என்னைத்தான் திட்டுவினம். நீர் ஒருக்காப் போய்ப் பார்த்துட்டு வாரும்" என்றார் அக்கா.

மச்சம் என்றால் அவர்கள் பேச்சில் அசைவம். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய புதிது. இது சரியாக அமைந்தால் குரூப் புக்கிங் என் பொறுப்பு, இல்லையென்றால் பழையபடி விசா கவுண்டர். ஒன்றரை வயது மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினேன். சரியான முடிவுதானா என்று துபாய் வரை யோசித்தேன்.

2. கூழாங்கல் தெரு

ஊர் என் கவலையைக் கொஞ்சம் மறக்கடித்தது. கோட்டை வாசலைத் தாண்டினால் சிலுவைப் போர் வீரர்கள் வாழ்ந்த கல் மாளிகைகள், அவற்றுக்கு மேலே ஒரு மசூதியின் கும்மட்டம், நிழல் விழும் இடமெல்லாம் பூனைகள். கட்டியவர்கள், பிடித்தவர்கள், மறுபடி கட்டியவர்கள் என்று எத்தனை பேர் கை பட்ட ஊர்! தெருவில் கடல் கூழாங்கற்களைச் செங்குத்தாகப் பதித்திருந்தார்கள். ஸ்ட்ரோலர் தள்ளிப் பழகிய கை சும்மா இருக்குமா? என் பெட்டியை ஒவ்வொரு சந்திலும் உருட்டிப் பார்த்தேன். மூட்டுவலிக்காரர்கள் தடுக்கி விழாமல் நடக்கக்கூடிய வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது போய் முடிந்த இடம் எலேனியின் உணவகம்.

எலேனி மெல்பர்னில் வளர்ந்து, தாய்நாடு திரும்பியவர். அவர் பேசிய ஆங்கிலத்தை என் தமிழில் சொல்கிறேன்.

"டூங்கபியா? என் அண்ணன் பக்கத்துல செவன் ஹில்ஸ்லதான் இருக்கான்! வெள்ளிக்கிழமை விரதமா? எங்க சர்ச்சுலயும் வெள்ளிக்கிழமை விரதம்தாம்மா. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. விரதத்துக்குன்னே தனித் தட்டு வச்சிருக்கேன், கவலைய விடு."

இதைவிட வேறென்ன வேண்டும்? உடனே அடித்ததுதான் அந்த மெசேஜ்.

3. மூடியைத் திறந்தபோது

ஆனால் விரல் அனுப்பவில்லை. என் மகளுக்கு முட்டை அலர்ஜி. சைல்ட்கேரில் தினமும் "அதே சட்டியிலயா சமைக்கிறீங்க?" என்று கேட்டுக் கேட்டு, அங்கே என்னைக் கண்டாலே சிரிப்பார்கள். இங்கேயும் கேட்டால் எலேனி வருத்தப்படுவாரோ? தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

"சமையலறையை ஒரு தடவை பார்க்கலாமா?"

"இதுக்கா இவ்ளோ யோசிச்ச? அந்தக் காலத்துல எல்லாருமே உள்ள வந்து பானையைப் பார்த்துட்டுத்தான் சாப்பாடு சொல்லுவாங்க. வா."

வெள்ளை அவரை, திராட்சை இலையில் சுருட்டிய சோறு, கீரை. மூன்றாவது பானையின் மூடியைத் திறந்தார். தக்காளிக் குழம்பில் சுருண்ட கால்கள் மிதந்தன.

"இது... ஆக்டோபஸா?"

"ஆமா. அதுக்குத்தான் சிவப்பு ரத்தமே கிடையாதே. எங்க விரதத்துக்கு ஆகும். அதே சாதிக் கணவாயும் ஆகும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மாலதி அக்காவை அழைத்துச் சொன்னேன்.

"ஐயோ பிள்ளை, கணவாயோ? சனிக்கிழமையெண்டா சட்டியையே வழிச்சுத் துடைச்சிருப்பினம்! வெள்ளியில வேண்டாம், கடவுளே. மிச்சமெல்லாம் சரியோ?"

"ஆமா அக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் எலேனி கொண்டைக்கடலையும் புதினாவும் போட்டுச் சுட்ட உருண்டைகளை நீட்டினார். வடையேதான்! ஒன்றை எடுத்து வாய்வரை கொண்டுபோனவள் நிறுத்தினேன். "பிறகு சொல்றேன் அக்கா" என்று போனை வைத்தேன்.

"எலேனி, கோபப்படாதீங்க. இது எந்த எண்ணெய்?"

எலேனி அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கணவாய் பொரிச்ச எண்ணெய்தான்" என்றார் மெதுவாக. பிறகு அவரே பரணில் ஏறி ஒரு புதுச் சட்டியை இறக்கினார். "புது எண்ணெயோட இது உங்க ஆளுங்களுக்கு மட்டும். சரியா? இனி வேறென்ன இருக்கு? கரண்டி? அதையும் கேட்டுடு!"

கேட்டேன். அதற்குப் பிறகுதான் மெசேஜை அனுப்பினேன்.

4. அந்த வெள்ளி

குழு ரோட்ஸில் இறங்கிய நாள் முழுவதும் சிட்னி வீட்டில் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்குச் சோறு ஊட்டும்போது, குழுவில் இருந்த ஒரு ஆன்டியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். 'விரதச் சாப்பாடு கிடைக்குமா' என்று கேட்டால் எல்லா ஊரிலும் கிடைக்கும் என்பார்கள். எதைத் தொடமாட்டார்கள் என்று சொல்லுங்கள், பானையைத் திறக்கச் சொல்லுங்கள், எண்ணெயைக் கேளுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

ஆன்டி அனுப்பியது இது: "பிள்ளை, சாப்பாடு திறம். அந்தக் கடலை வடை ரெண்டாந்தரமும் வாங்கினனாங்கள். பக்கத்து மேசையில கணவாய் சாப்பிட்டவையள், என்ன வாசம்! நாளைக்குக் கப்பல்ல அது இருக்குமோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லும்."