ஸ்டார்ட்டர் அண்ணையும் வெடிக்காத துவக்கும்

குலசிங்கம் அண்ணை போய்விட்டார்.

காலையில் என் மகளின் மாமியார் இராசமலர்தான் போன் எடுத்துச் சொன்னார். இந்தச் செய்தியிலும் அவர் என்னை முந்திவிட்டார்… சரி, அதை விடுவோம்.

எங்கள் சங்கத்தின் ஸ்போர்ட்ஸ் மீட்டுக்கு ஒரு தடவை வந்தவர்களுக்கும் அண்ணையைத் தெரியும். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் விசில், கையில் ஓட்டம் தொடங்கச் சுடுகிற அந்தச் சுழல் துவக்கு.

குண்டு போகாத துவக்குத்தான். குழாயை அடைத்தே செய்திருக்கிறார்கள், சத்தமும் புகையும் மட்டும். யாரோ பாவித்துவிட்டு விற்றதைச் சங்கத்துக்கு வாங்கி வந்தவரும் அவர்தான்.

அவரோடு நான் ஒரு வருடம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஏன் என்று பலருக்குத் தெரியும், ஆனால் பிழையாய்த் தெரியும். அதனால் சொல்கிறேன்.

ஒரு ஸ்போர்ட்ஸ் மீட்டில் அம்மம்மாமார் ஓட்டம். சேலையை இடுப்பில் செருகி, சப்பாத்துப் போட்டுக்கொண்டு கோட்டில் நிற்கிறேன். பக்கத்தில் இராசமலர்.

"ரெடி" என்றார் அண்ணை. துவக்கு 'டிக்' என்றது. நான் ஓடினேன்.

பாதித் தூரம் போய்த் திரும்பிப் பார்க்கிறேன்… பின்னால் ஒருவரும் இல்லை. எல்லாரும் கோட்டிலேயே நிற்கிறார்கள்.

"தங்கச்சி, ஃபோல்ஸ் ஸ்டார்ட்! நீங்கள் அவுட்!"

"உங்கட துவக்குத்தான் அவுட்!"

"காலமையிலயிருந்து எல்லா ஓட்டத்துக்கும் வெடிச்சதுதானே, தங்கச்சி?"

"அப்ப நான் என்ன, கனவு கண்டே ஓடினனான்?"

பதற்றத்தில் அவர் மறுபடி டக்கென்று இழுத்துச் சுட்டார், வெடித்தது. நான் வெளியில் நின்று பார்க்க, இராசமலர் முதலாவதாக வந்து ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு போனார்.

குக்கர் போகட்டும். "களவாய் ஓடின அம்மம்மா" என்று எனக்குப் பெயர் வந்தது… என் பேரப்பிள்ளைகளின் காதுபடச் சொன்னார்கள். அதுதான் நெஞ்சில் நின்றது.

நோர்பரியில் மரக்கறி வாங்கப் போன கடையிலெல்லாம் இராசமலர் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார். இதை அவர் வாசிப்பார். வாசிக்கட்டும்.

பிறகு லூயிஷாம் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் அன்னதானம் பரிமாறுகிறேன், அண்ணை வரிசையில் வருகிறார். சோறு போட்டேன், சாம்பார் விட்டேன்… வடை வைக்கவில்லை.

"தங்கச்சி, எனக்கு வடை இல்லையோ?"

"அது ஒழுங்கா வெடிக்கிற துவக்கு வச்சிருக்கிற ஆக்களுக்கு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அது அவரைக் குடைந்திருக்கிறது.

அடுத்த ஸ்போர்ட்ஸ் மீட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மனைவி பூமணி அக்காவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா. உள்ளே அந்தத் துவக்கு, வெடி ஒன்றும் போடாமல்.

"வெடி ஈரமெண்டு நினைச்சு புதுப் பெட்டி வாங்கினன். ஊத்தையெண்டு நினைச்சு துடைச்சு எண்ணெய் போட்டன். வீட்டில எத்தினை தரம் இழுத்தாலும் ஒரு பிழையும் தெரியேல்லை. ஆனா அண்டைக்கு அந்த 'டிக்' எனக்கும் கேட்டதுதான்…"

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நானும் ஒரு வருஷமா அதைத்தான் கேக்கிறன்" என்றார் பூமணி அக்கா.

"உங்களுக்கு ஒண்டும் மறக்காதெண்டு சொல்லுவினம். அண்டைக்கு நான் எப்பிடிச் சுட்டனான், சொல்லுங்கோ பாப்பம்."

மறப்பேனா நான்…

"பிள்ளையளின்ர ஓட்டத்துக்கு, சுடமுதல் பின்னுக்கு இழுக்கிற அந்தக் கொக்கியை டக்கெண்டு இழுத்தியள். எங்களுக்கு மட்டும் மெல்ல… மெல்ல… பூப் பறிக்கிற மாதிரி இழுத்தியள்."

"வயசான ஆக்கள், ஆயத்தப்பட நேரம் குடுப்பமெண்டு…" என்றவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

வெறும் துவக்கை எடுத்து மெல்ல இழுத்தார். மூன்று பேரும் மேசையில் குனிந்து பார்த்தோம்.

கொக்கி பின்னால் வர வர, வெடி வைக்கிற உருளை சுற்றுகிறது. நேராய் வந்து பூட்ட வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது! விரலால் தள்ளினால்தான் பூட்டியது.

டக்கென்று இழுத்தால் சுற்றுகிற வேகத்திலேயே போய்ப் பூட்டிக்கொள்ளும். மெல்ல இழுத்தால் போய்ச் சேராது, கொக்கியின் அடி வெடியின் விளிம்பில் சரியாய் விழாது… வெறும் 'டிக்'. அதுவும் வெடி வைக்கிற எல்லா ஓட்டைக்கும் இல்லை, ஒன்றிரண்டுக்கு மட்டும்.

உருளையைத் தள்ளிவிடுகிற குட்டிக் கை தேய்ந்துபோச்சு என்றார் அண்ணை.

"எங்களில இரக்கப்பட்டோ என்னைக் கள்ளியாக்கினியள்?" என்று கேட்டேன். பூமணி அக்கா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் மேசையெல்லாம் சிந்தியது.

துவக்குத் திருத்துகிற கடையில் கொடுத்துப் புதுக் கை போடுவித்தார். ஸ்போர்ட்ஸ் மீட்டில் எங்கள் ஓட்டத்துக்கு முன்னால் மைக்கையும் வாங்கினார்.

"போன முறை இந்தத் தங்கச்சி களவா ஓடேல்லை. என்ர துவக்குத்தான் பிழை. எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ."

என் பேரப்பிள்ளைகள் கைதட்டின சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இராசமலர் குடையை விரிப்பதுபோல் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். மழையே இல்லை.

அண்ணை மெல்ல இழுத்துச் சுட்டார்… வெடித்தது.

நான் மூன்றாவது. மறுபடியும் இராசமலர்தான் முதல், அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அண்ணையின் தட்டில் வடை வைத்தேன். கேட்காமலே இன்னொன்றும் வைத்தேன்.

பூமணி அக்கா, பின்னேரம் வாறன். சமைக்காதேங்கோ, நான் கொண்டு வாறன்.

அண்ணை, நீங்கள் முன்னுக்குப் போங்கோ. என்ர முறை வரேக்கை அந்தத் துவக்குக்குப் பழைய தேஞ்ச கையைப் போட்டு எடுங்கோ…

மெல்ல இழுங்கோ.